எக்ஸ்-ரே அறையில் ஒரு தொடுதல்: கனிவு, சம்மதம், சுத்தம்

மார்பு எக்ஸ்-ரே எடுக்கும்போது கதிர் பாய்வது ஒரு நொடியில் சிறு பங்கு நேரம்தான். மீதியெல்லாம் கைவேலை. நோயாளியின் முகவாயைத் தூக்கி, கதிரைப் பிடித்துப் படமாக்கும் பலகையான டிடெக்டரின் மேல் விளிம்பில் வைக்கிறோம். தோள்களை முன்னால் தள்ளுகிறோம், முழங்கைகளைத் திருப்புகிறோம், இடுப்பை நேராக்குகிறோம். கழுத்துச் சங்கிலியைக் கழற்றச் சொல்கிறோம், கழற்ற முடியாதவருக்கு நாமே கழற்றுகிறோம். முன்பின் அறியாத ஒருவரின் உடலை இவ்வளவு உரிமையோடு தொடும் வேலை மருத்துவமனைக்கு வெளியே அநேகமாக எங்கும் இல்லை.

எக்ஸ்-ரே எடுக்கும் ரேடியோகிராஃபருக்கான படிப்பில் நோயாளி பராமரிப்பு ஒரு பாடம், சட்டமும் நெறிமுறையும் ஒரு பாடம், தொற்றுத் தடுப்பு ஒரு பாடம். தேர்வுக்காக மூன்றையும் தனித்தனியாகப் படித்து, தனித்தனியாக மறக்கிறார்கள். பல ஆண்டுகள் இந்த வேலையில் இருந்து, பயிற்சிக்கு வரும் மாணவர்களுக்குச் சொல்லியும் கொடுக்கிற எனக்கு, இந்தப் பிரிப்பில்தான் கோளாறு தொடங்குகிறது என்று தோன்றுகிறது. நோயாளியின் தோளில் கை படுகிற கணத்தில் மூன்றும் ஒன்றாகவே நடக்கின்றன. சொல்லிவிட்டுத் தொட்டோமா, அவர் சம்மதித்தாரா, கை சுத்தமாக இருந்ததா? ஒன்றில் பிசகினால் மற்ற இரண்டும் அதோடு சேர்ந்து கெடுகின்றன.

ஒரு காட்சியைச் சொல்கிறேன். வார்டிலிருந்து ஸ்ட்ரெச்சரில் ஒரு முதியவர் வருகிறார். சிறுநீர்க் குழாய் பொருத்தியிருக்கிறது. அதன் சேகரிப்புப் பை ஸ்ட்ரெச்சரின் பக்கக் கம்பியில் தொங்குகிறது. மேசைக்கு மாற்ற நான்கு பேர் விரிப்பின் நான்கு முனைகளையும் பிடிக்கிறோம். தூக்குவதற்குச் சற்று முன்பு, குழாய் இழுபட்டுவிடக் கூடாதே என்ற கவலையில் ஒருவர் பையை எடுத்து முதியவரின் வயிற்றின்மேல் வைக்கிறார். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆனால் பை சிறுநீர்ப்பையின் மட்டத்துக்கு மேலே ஏறியதும், குழாயில் நின்றிருந்த சிறுநீர் திரும்பி உடலுக்குள் ஓடத் தொடங்குகிறது. மணிக்கணக்கில் பையில் தேங்கியதில் கிருமி பெருகியிருந்தால் அதுவும் கூடவே போகிறது. படம் முடிந்து முதியவர் வார்டுக்குத் திரும்பிவிடுவார். இரண்டு நாள் கழித்து நடுக்கத்தோடு காய்ச்சல் வரும். அந்தக் காய்ச்சலையும் எக்ஸ்-ரே மேசையையும் இணைத்துப் பார்க்க யாருக்கும் தோன்றாது.

இது பராமரிப்புப் பிழையா, தொற்றுத் தடுப்புப் பிழையா, சட்டம் கவனக்குறைவு என்று சொல்லும் பிழையா? மூன்றும்தான். பை எப்போதும் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்க வேண்டும், தரையிலும் படக் கூடாது. நெஞ்சில் குழாய் போட்டு வருகிறவரின் புட்டிக்கும் இதே விதி: மார்பு மட்டத்துக்குக் கீழே, நிமிர்ந்த நிலையில். சலைன் பாட்டிலுக்கு நேர்மாறு. ஊசி ஏறியிருக்கும் நரம்பைவிட ஏறக்குறைய அரை மீட்டர் உயரத்தில் அது இருக்க வேண்டும். தாழ்ந்தால் ரத்தம் குழாயில் ஏறி உறைந்து அடைத்துக்கொள்ளும். ஆக்சிஜன் சிலிண்டரோடு வருகிறவரை எம்ஆர்ஐ அறைக்குள் அப்படியே தள்ளிக்கொண்டு போகவே கூடாது. இரும்புச் சிலிண்டரைக் காந்தம் இழுத்து உயிர் போன நிகழ்வு இத்துறையின் வரலாற்றில் பதிவாகியிருக்கிறது.

படுத்திருந்தவரைச் சட்டென்று எழுப்பி நிற்க வைப்பதும் ஆபத்து. ரத்த அழுத்தம் சரிந்து கண் இருட்டும். உட்கார வைத்து, கால்களைத் தொங்கவிட்டு, ஒரு நிமிடம் பேச்சுக் கொடுத்துவிட்டு இறக்கினால் போதும். அந்த ஒரு நிமிடத்தை மிச்சம் பிடிக்கப் போய் இடுப்பெலும்பு முறிந்தவர்கள் உண்டு.

யார் என்று கேட்பது

தொடுவதற்கு முன் அவர் யார் என்று தெரிய வேண்டும். இது சொல்லித் தரவேண்டிய விஷயமா என்று மாணவர்கள் நினைப்பது முகத்தில் தெரியும். நானும் அப்படி நினைத்தவன்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள், காத்திருப்போர் இருக்கும் பக்கம் எட்டிப் பார்த்து ஒரு பெயரைக் கூப்பிட்டேன். காது மந்தமான ஒரு பெண்மணி எழுந்து வந்தார். "நீங்கள்தானே அம்மா?" என்றேன். தலையாட்டினார். கையிலிருந்த சீட்டின்படி இடுப்புப் படம் எடுத்தேன். அவருக்கு எடுக்க வேண்டியிருந்தது மணிக்கட்டு. அவர் மணிக்கட்டில் கட்டுப் போட்டிருந்ததை என் கண் பார்த்தது, ஆனால் எனக்குக் கேள்வி எழவில்லை. அவர் முன்னால் நின்று மன்னிப்புக் கேட்டபோது, "பரவாயில்லை தம்பி" என்று அவர் சொன்னதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

"நீங்கள்தானே?" என்று கேட்டால் பயந்தவரும், காது கேளாதவரும், மயக்கம் தெளியாதவரும் "ஆமாம்" என்றே சொல்வார்கள். "உங்கள் பெயர் என்ன? பிறந்த தேதி என்ன?" என்று அவர் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும். குறைந்தது இரண்டு அடையாளங்கள் பொருந்த வேண்டும். படுக்கை எண்ணும் அறை எண்ணும் அடையாளத்தில் சேராது, ஏனென்றால் நோயாளிகள் இடம் மாறுவார்கள். பேச முடியாதவருக்கு மணிக்கட்டுப் பட்டையைப் படிக்க வேண்டும். இத்தனையும் சரியாக இருந்தாலும், சீட்டில் எழுதியிருப்பதும் கண் முன்னால் இருப்பதும் ஒத்துப் போகிறதா என்று ஒருமுறை நின்று பார்க்க வேண்டும். சீட்டு இடது கால் என்று சொல்லி, நோயாளி வலது காலை நொண்டினால், பரிந்துரைத்தவரிடம் கேட்டுவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

இடது, வலது குறியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஈயத்தில் செய்த குறியைப் படமெடுக்கும்போதே ஓரத்தில் வைப்பதுதான் முறை. எடுத்த பிறகு கணினியில் எழுத்தைப் பதிப்பது எளிது, தவறாகப் பதிப்பதும் அவ்வளவே எளிது. நுரையீரல் சுருங்கிய பக்கம் எது என்பதில் குழப்பம் வந்தால், நெஞ்சுக் குழாய் போகக் கூடாத பக்கத்தில் போகும்.

சம்மதம் என்ற சொல்

1914இல் நியூயார்க் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. மயக்க மருந்து கொடுத்துப் பரிசோதிக்க மட்டுமே சம்மதித்த பெண்ணுக்கு, மயக்கத்தில் இருக்கும்போதே கட்டியை அறுத்து எடுத்துவிட்டார்கள் என்பது புகார். வயது வந்த, தெளிந்த மனமுள்ள ஒவ்வொருவருக்கும் தன் உடலுக்கு என்ன செய்யப்பட வேண்டும் என்று முடிவு செய்யும் உரிமை உண்டு என்று நீதிபதி பெஞ்சமின் கார்டோசோ அதில் எழுதினார். மருத்துவமனை ஓர் அறநிலையம் என்பதால் அந்த வழக்கில் அது தப்பியது. ஆனால் அந்தக் கருத்து நின்றுவிட்டது. சட்டங்கள் நாட்டுக்கு நாடு மாறும், அடிப்படை பெரும்பாலும் இதுதான்: சம்மதமில்லாமல் உடலைத் தொடுவது, அதனால் காயமே ஏற்படாவிட்டாலும், தவறு. "அசையாமல் படுக்காவிட்டால் கட்டிப் போட்டுவிடுவேன்" என்று மிரட்டுவது தொடாமலேயே செய்யும் தவறு. மிரட்டியதுபோலவே காரணமின்றிக் கட்டிப் போட்டால் அது சுதந்திரத்தைப் பறித்த தவறாகவும் ஆகும்.

சாதாரண எக்ஸ்-ரேவுக்கு யாரும் கையெழுத்து வாங்குவதில்லை. வரச் சொன்ன இடத்துக்கு வந்து, நிற்கச் சொன்ன இடத்தில் நிற்பதே சம்மதமாகக் கொள்ளப்படுகிறது. இந்தச் சொல்லாத சம்மதத்தை நாம் அதன் எல்லையைத் தாண்டி நீட்டிவிடுகிறோம் என்பதுதான் என் வருத்தம். மார்புப் படத்துக்கு வந்த பெண், சுவரை ஒட்டி நிற்கத்தான் சம்மதித்திருக்கிறார். அவர் இடுப்பு எலும்பின் மேல் விளிம்பை விரலால் தேட வேண்டிய வேறொரு படமும் இருக்கிறது என்றால், அதைத் தனியாகச் சொல்ல வேண்டும். "உங்கள் இடுப்பெலும்பு எங்கே இருக்கிறது என்று கை வைத்துப் பார்க்க வேண்டும், பார்க்கலாமா?" இதைச் சொல்ல ஐந்து நொடி போதும். கேட்டுவிட்டு, பதில் வரும்வரை கையை நகர்த்தாமல் இருப்பதுதான் கடினம். பதிலுக்குக் காத்திருக்காத கேள்வியில் கேட்டதன் பொருளே போய்விடுகிறது.

கொடுத்த சம்மதத்தை எந்த நேரத்திலும் திரும்பப் பெறலாம். எக்ஸ்-ரேயில் தெரியும் பேரியக் கரைசலைப் பெருங்குடலுக்குள் செலுத்தும் பரிசோதனையில் இது அடிக்கடி வரும். பாதியில் நோயாளி "நிறுத்துங்கள், வேண்டாம்" என்பார். "இன்னும் ஒரே ஒரு படம்தான்" என்று நம் வாய் தானாகச் சொல்லும். சொல்லக் கூடாது. ஆபத்தில்லாமல் நிறுத்தக்கூடிய இடத்தில் நிறுத்திவிட்டு, மருத்துவரை அழைத்து, நிறுத்தியதால் என்ன தெரியாமல் போகும் என்பதை நோயாளிக்கு விளக்க வேண்டும். அதன் பிறகு தொடரலாம் என்று அவரே சொன்னால் அது புதிய சம்மதம்.

பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2015இல் மாண்ட்கோமரி வழக்கில் இன்னும் ஒரு படி மேலே போனது. ஆபத்துகளில் எதை நோயாளிக்குச் சொல்ல வேண்டும் என்பதற்கு, மருத்துவர்கள் வழக்கமாக எதைச் சொல்வார்கள் என்பது அளவுகோல் இல்லை, அந்த நோயாளியின் நிலையில் இருப்பவருக்கு எது முக்கியமாகப் படும் என்பதே அளவுகோல் என்றது. கதிர்ப்படத் துறையில் இதன் பொருள் நேரடியானது. "இதனால் எனக்குப் புற்றுநோய் வருமா?" என்று ஒருவர் கேட்டால், "அதெல்லாம் ஒன்றுமில்லை" என்று தட்டிக் கழிப்பது பதிலாகாது. உடல் பெறும் கதிரை மில்லிசீவர்ட் என்ற அலகில் அளக்கிறோம்; மார்பு எக்ஸ்-ரே ஒன்றில் கிடைப்பது ஏறக்குறைய 0.02 மில்லிசீவர்ட். மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் இயற்கையாக நாம் எல்லோரும் ஆண்டுக்குப் பெறுவது உலகச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட். அதாவது ஒரு மார்பு எக்ஸ்-ரேயில் கிடைப்பது, மூன்று நாள் வாழ்ந்தாலே கிடைக்கிற அளவு. வயிற்று சி.டி. ஸ்கேன் இதைப்போல் சில நூறு மடங்கு. ஆகவே அதற்கான விளக்கமும் நீண்டதாக இருக்க வேண்டும்.

சூலகம், விதைப் பகுதிகளின்மேல் ஈயத் தகடு வைக்கும் பழக்கமும் இங்கே வருகிறது. பல பத்தாண்டுகள் அதை நோயாளியின் உரிமையாகவே கருதினோம். 2019இல் அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் அதை வழக்கமாக வைப்பதைக் கைவிடச் சொன்னது. தகடு பார்க்க வேண்டிய உறுப்பை மறைக்கலாம். கதிரின் அளவைத் தானாகத் தீர்மானிக்கும் கட்டுப்பாட்டின் உணரியை மறைத்தால் கருவி கதிரைக் கூட்டிவிடும். கதிரால் பிள்ளைகளுக்குப் பரம்பரைப் பாதிப்பு வந்ததாக மனிதர்களிடம் காணப்படவும் இல்லை. இப்போது தகடு இல்லாமல் எடுக்கும்போது, "போன முறை வைத்தார்களே" என்று தாய்மார்கள் கேட்கிறார்கள். அவர்கள் கேட்பது நியாயம். காரணத்தை எளிய சொற்களில் சொல்ல நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கருவுற்றிருக்க வாய்ப்பு உண்டா என்ற கேள்வியைத் தனியாக வைத்துத்தான் கேட்க வேண்டும். கணவரோ மாமியாரோ தாயோ பக்கத்தில் நிற்கும்போது கேட்டால் கிடைப்பது அவர்களுக்கான பதில். பதினாறு வயதுப் பெண்ணிடம் அவள் அம்மாவின் முன்னால் கேட்டுவிட்டு, "இல்லை" என்றதைப் படிவத்தில் குறித்துக்கொள்வது வெறும் சடங்கு. "உடை மாற்றும் அறையைக் காட்டுகிறேன், வாம்மா" என்று தனியே அழைத்துப் போய்க் கேட்டால் அந்தரங்கமும் காக்கப்படும், உண்மையும் வரும்.

படமெடுக்கும்போது குழந்தையை அசையாமல் பிடிக்க நேர்ந்தால் துறைப் பணியாளர் வழக்கமாகப் பிடிக்கக் கூடாது. கர்ப்பமில்லாத உறவினர் ஒருவர் ஈய உடை அணிந்து, நேர்க் கதிரின் பாதையில் கை வராமல் பிடிக்க வேண்டும்.

படத்தில் தெரிந்ததை நாம் சொல்லலாமா? நோயைக் கண்டறிந்து சொல்வது மருத்துவரின் பொறுப்பு, நாம் சொல்லக் கூடாது. ஆனால் "எனக்கு எதுவும் தெரியாது" என்பதும் பொய். "மருத்துவர் பார்த்துவிட்டுச் சொல்வார், இன்ன நேரத்துக்குள் முடிவு அவரிடம் போய்விடும்" என்பது உண்மையும் ஆறுதலும் கலந்த பதில். உடனே கவனிக்க வேண்டிய ஏதாவது கண்ணில் பட்டால் மருத்துவரிடம் ஓட வேண்டியது நம் கடமை. லிஃப்டிலும் உணவகத்திலும் நோயாளியைப் பற்றிப் பேசாமல் இருப்பதும் அப்படித்தான்.

கை

1847இல் வியன்னாவில் இக்னாஸ் செம்மல்வைஸ், பிணவறையிலிருந்து பிரசவ அறைக்கு வரும் மருத்துவர்கள் குளோரின் கரைசலில் கை கழுவ வேண்டும் என்று கட்டாயமாக்கினார். ஏப்ரலில் 18 சதவீதமாக இருந்த தாய் மரணம், சில மாதங்களில் 2 சதவீதம் அளவுக்கு இறங்கியது. கிருமி என்றால் என்னவென்று உலகம் ஒப்புக்கொள்வதற்கு முன்பே, குற்றவாளி கைதான் என்று அவர் காட்டிவிட்டார்.

கதிர்ப்படத் துறை மருத்துவமனையின் நாற்சந்தி. தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து ஒருவர், மகப்பேறு வார்டிலிருந்து ஒருவர், வெளிநோயாளி ஒருவர், அறுவைக் காயத்தோடு ஒருவர் என எல்லோரும் ஒரே மேசையில் படுக்கிறார்கள், ஒரே டிடெக்டரில் முகவாயை வைக்கிறார்கள். யாருக்கு எந்தத் தொற்று என்று சீட்டில் எழுதியிருக்கும் என்று நம்பக் கூடாது. அதனால்தான் எல்லோரையும் தொற்று உள்ளவராகவே கருதும் பொது முன்னெச்சரிக்கை முறை வந்தது. நோயாளியின் பெயரைப் பார்த்தோ முகத்தைப் பார்த்தோ அது மாறாது என்பதால், எச்ஐவி உள்ளவரை ஒதுக்கி நடத்தும் அவமானத்துக்கும் அதில் இடமில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2009இல் கை சுத்தத்துக்கு ஐந்து தருணங்களை வகுத்தது. நோயாளியைத் தொடும் முன், கிருமியற்ற செயலுக்கு முன், உடல் திரவம் பட்ட பின், நோயாளியைத் தொட்ட பின், அவரைச் சுற்றியுள்ள பொருளைத் தொட்ட பின். கடைசியைத்தான் நாம் மறக்கிறோம். கட்டில் கம்பியும் சலைன் கம்பமும் நோயாளியின் தோலைப் போலவே கணக்கில் வரும். ஆல்கஹால் தைலம் 20 முதல் 30 நொடி, சோப்பும் நீரும் 40 முதல் 60 நொடி. வயிற்றுப்போக்கு உண்டாக்கும் கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் கிருமியின் வித்துகளை ஆல்கஹால் கொல்லாது, சோப்பும் நீரும்தான் வேண்டும். கையுறை போட்டதால் கை கழுவத் தேவையில்லை என்பது நம் துறையில் ஊறிப்போன தவறு. அதைவிடப் பெரிது, நோயாளியைத் தொட்ட அதே கையுறையோடு கணினி விசைப்பலகையையும் கதிர்ப் பொத்தானையும் அழுத்துவது.

தனிமை அறையில் மொபைல் எக்ஸ்-ரே எடுக்க இருவர் போவதுதான் சரியான முறை. ஒருவர் சுத்தக் கை, மற்றவர் அசுத்தக் கை. வாசலிலேயே டிடெக்டரைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொள்கிறோம். ஈய உடை முதலில், அதன்மேல் மேலங்கி. முறையை மாற்றினால் ஈய உடையைத் துடைத்து மாளாது. அசுத்தக் கை நோயாளியை நிமிர்த்தி, முதுகுக்குப் பின்னால் டிடெக்டரைச் செருகுகிறது. சுத்தக் கை கருவியை மட்டும் தொடுகிறது. அளவுகளை வைப்பதும் கதிர் பாய்ச்சுவதும் அதன் வேலை. முடிந்ததும் அசுத்தக் கை டிடெக்டரை வெளியே எடுத்து, உறையின் வாயை வெளிப்புறமாக மடித்துப் பிடிக்கிறது. சுத்தக் கை உறையைத் தொடாமல் உள்ளே இருப்பதை உருவிக்கொள்கிறது. பார்ப்பதற்கு இருவர் சேர்ந்து தலையணைக்கு உறை மாற்றுவது போலத்தான் இருக்கும். இதைச் சரியாகச் செய்தால் அந்த அறையின் கிருமி அந்த அறையிலேயே நிற்கும். கழற்றும்போது கையுறை முதலில், பின்பு மேலங்கி, முகக்கவசம் கடைசியில். காசநோய், தட்டம்மை, சின்னம்மை போலக் காற்றில் பரவுவது என்றால் என்95 கவசத்தை அறைக்கு வெளியே வந்து கதவைச் சாத்திய பிறகுதான் கழற்ற வேண்டும். அப்படிப்பட்டவரை நம் துறைக்கு அழைத்து வர நேர்ந்தால், வழியெங்கும் அவருக்கு அறுவை முகக்கவசம் போட்டிருக்க வேண்டும். வெள்ளணுக்கள் குறைந்து எளிதில் தொற்றுக்கு ஆளாகும் நோயாளியின் அறையில் எல்லாம் தலைகீழ்: கருவியைத் துடைப்பது உள்ளே போவதற்கு முன்னால்.

சட்டைப் பையில் கிடக்கும் ஈயக் குறிகளையும் மறக்கக் கூடாது. நாள் முழுவதும் டிடெக்டரிலும் விரிப்பிலும் சில நேரம் நோயாளியின் தோலிலும் ஒட்டி எடுக்கிறோம், பிளாஸ்திரியின் பசை அதில் படிந்துபோயிருக்கும். கடைசியாக அதை எப்போது துடைத்தீர்கள் என்று மாணவர்களிடம் கேட்டால் பதில் வருவதில்லை. மேசையைத் துடைப்பதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கிருமிநாசினி, தயாரிப்பாளர் குறித்த நேரம்வரை ஈரமாகவே இருந்தால்தான் வேலை செய்யும். துடைத்த கையோடு காய்ந்த துணியால் ஒற்றிவிட்டு அடுத்தவரைப் படுக்க வைத்தால் மேசை பளபளக்கும், கிருமி அப்படியே இருக்கும்.

நமக்கும் உண்டு

1895 டிசம்பரில், எக்ஸ்-ரேயைக் கண்டுபிடித்த ரான்ட்ஜன் எடுத்த புகழ்பெற்ற படம் அவர் மனைவியின் கை. எடிசனிடம் உதவியாளராக இருந்த கிளாரன்ஸ் டாலி, எக்ஸ்-ரே குழாய்களைத் தன் கைகளை வைத்தே சோதித்து, கைகளை இழந்து, 1904இல் இறந்தார். இன்று பணியாளருக்கு ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் என்ற உச்ச வரம்பைப் பன்னாட்டுக் கதிரியக்கப் பாதுகாப்பு ஆணையம் பரிந்துரைப்பதற்குப் பின்னால் இப்படிப்பட்ட பல கைகள் இருக்கின்றன. நம் உடலில் படும் கதிரைப் பதியும் அளவுப் பட்டையை அணிவது கடமை மட்டுமல்ல. அதில் பதிவான அளவைக் கேட்டுத் தெரிந்துகொள்வது உங்கள் உரிமை. ஹெபடைடிஸ் பி தடுப்பூசியும், போதுமான பாதுகாப்பு உடையும், பயிற்சியும் கேட்டுப் பெற வேண்டியவை.

படத்தில் உறுப்புகள் தெளிவாகத் தெரிவதற்கான மருந்தை நோயாளிக்குச் செலுத்திய ஊசி நம்மைக் குத்திவிட்டால் என்ன செய்வது என்பதை வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே தெரிந்துகொள்ள வேண்டும். தடுப்பூசி போடாதவருக்கு அப்படி ஒரு குத்தில் ஹெபடைடிஸ் பி தொற்ற 30 சதவீதம்வரை வாய்ப்பு உண்டு. எச்ஐவிக்கு ஏறக்குறைய 0.3 சதவீதம். பயன்படுத்திய ஊசிக்குத் திரும்ப மூடி போடப் போனபோதுதான் பல குத்துகள் நடக்கின்றன, நேராகக் கூர்பொருள் பெட்டிக்குள் போட்டிருந்தால் நடந்திருக்காது. குத்திவிட்டால் இடத்தைப் பிதுக்காமல் சோப்பும் நீரும் கொண்டு கழுவ வேண்டும். உடனே மேலதிகாரியிடம் சொல்லி, எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். எச்ஐவி தடுப்பு மருந்தைச் சில மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரத்துக்குப் பிறகு அதைக் கொடுப்பதில்லை. ஆனால் வெளியே பன்னிரண்டு பேர் காத்திருக்கிறார்கள் என்று பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தவர்களையும், மாலையில் வீடு போய்ச் சேர்ந்த பிறகு போன் செய்தவர்களையும் எனக்குத் தெரியும். அந்தப் பன்னிரண்டு பேரை இன்னொருவர் எடுப்பார். குழாயடிக்குப் போங்கள், பிறகு படிவத்தை நிரப்புங்கள். எழுதி வைக்காத குத்து பின்னால் கேட்கும்போது நடக்காத குத்தாகிவிடும்.